தெற்கே போகும் பிள்ளை

(ஓல்போர்க் நகரில் இடம்பெற்ற தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் யூன் மாத இறுதியில் இந்நகரத்துத் தமிழ் வீடுகளில் ஏறத்தாழ ஒரே உரையாடல் நடைபெறுகின்றது. கிம்னாசியக் கல்வியை முடித்த பிள்ளை வெள்ளைத் தொப்பி அணிந்து, சக மாணவர்களுடன் திறந்த பாரவூர்தியில் நகரை வலம் வருகின்றது. ஊர்தி வீட்டு வாசலில் நிற்கின்றது. வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் றோல்ஸும் வடையும் பரிமாறப்படுகின்றன. படங்கள் எடுக்கப்பட்டு ஊரில் உள்ள உறவினர்களுக்கு அனுப்பப்படுகின்றன. அன்றிரவு பிள்ளை மெதுவாக ஒரு சொல்லை மேசையில் வைக்கின்றது: "ஓடென்ச."

ஓடென்ச பியூன் தீவில் உள்ள நகரம். தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அங்குதான் உள்ளது. ஓல்போர்க்கிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தொடருந்தில் மூன்று மணி நேர அளவு. அச்சொல் கேட்டதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அங்கே குளிர் எப்படி? கம்பஸ் வாழ்க்கை எப்படி?

முதற் கேள்விக்குக் கணக்கிலேயே விடை சொல்லிவிடலாம். ஓல்போர்க் வட அகலக்கோடு 57 பாகையில் உள்ளது, ஓடென்ச 55.4 பாகையில். திசம்பர் 21ஆம் நாள் ஓல்போர்க்கில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 6 மணி 40 நிமிடம் நீடிக்கின்றது. ஓடென்சவில் 7 மணிக்குச் சற்று மேல். வேறுபாடு இருபது நிமிடங்களைச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். சனவரி மாதச் சராசரி வெப்பநிலையிலும் ஒரு பாகை அளவே வேறுபாடு. இரண்டு நகரங்களிலும் பனியை விட மழையும் காற்றுமே மாணவரை அதிகம் வாட்டும். டென்மார்க்கில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிர் மறை 31.2 பாகை, அது 1982 சனவரியில் வடமேற்கு யூலாந்தில் பதிவானது. எனவே காலநிலைக்கு அஞ்சுவோர் ஓல்போர்க்கை விட்டுத் தெற்கே போவதற்கு அஞ்ச வேண்டிய தேவையில்லை. அஞ்சுவதானால் இங்கே இருப்பதற்கே அஞ்ச வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம். அந்த வெளிச்சத்திற்குப் பழகிய உடலுக்கு ஓல்போர்க்கும் ஓடென்சவும் ஒன்றுதான். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. கருமை நிறத் தோல் உடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது டென்மார்க் சுகாதார ஆணையத்தின் பரிந்துரை. வீட்டில் இருக்கும்வரை அந்தக் குளிசையைத் தாய் எடுத்துக் கொடுப்பார். தனியே போகும் பிள்ளை மறந்துவிடும். பையில் மிளகாய்த்தூளை வைக்கும்போது அதனையும் சேர்த்து வைத்துவிட்டால் காலநிலைபற்றிய கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அப்படியாயின் இருபது நிமிட வெளிச்சத்திற்காகவா இத்தனை வீடுகளில் இத்தனை இரவுகள் பேச்சு நீள்கின்றது? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். மகனோ மகளோ "தெற்கே உள்ள பல்கலைக்கழகம்" என்று சொல்லும்போது, அறையின் மூலையில் இருக்கும் அம்மப்பாவின் காதில் விழுவது வேறொரு தெற்கு.

யாழ்ப்பாணத்தில் 1974 வரை பல்கலைக்கழகம் இருக்கவில்லை. மருத்துவமோ பொறியியலோ படிக்க விரும்பிய பிள்ளை தெற்கே கொழும்புக்கும், கட்டுபெத்தைக்கும், பேராதனைக்கும் போக வேண்டியிருந்தது. யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, கண்டி வண்டிக்கு மாறிப் பேராதனை சென்ற தலைமுறை அது. மலைநாட்டுக் குளிருக்கென்று யாழ்ப்பாணக் கடைகளில் கம்பளிச் சட்டை தேடி வாங்கிய தாய்மாரும் இருந்தனர். இன்று அந்தக் குளிரை நினைத்தால் சிரிப்பு வரும்; ஓல்போர்க் கோடைகாலமே அதைவிடக் குளிர்ந்தது. ஆனால் அன்றும் கேள்வி இதுவே: அங்கே குளிர் எப்படி, கம்பஸ் எப்படி?

அந்தக் கேள்விகளுக்குள் வேறோர் அச்சம் ஒளிந்திருந்தது. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் இனவாரியான தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாக இருந்தபோது, தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. மருத்துவத்திற்கு முறையே 229, 250. அந்தத் தடையையும் தாண்டிப் போன பிள்ளைகளைத் தேடி 1977இல் கலவரம் வந்தது. 1983 மே மாதம் பேராதனை வளாகத்துக்குள்ளேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து விரட்டப்பட்டனர். அது கறுப்பு யூலைக்கு இரண்டு மாதங்கள் முன்னர். விடுதியிலிருந்து உடுத்த உடையோடு வடக்கே திரும்பிய அந்த மாணவர்களுள் எத்தனையோ பேர் பின்னர் ஐரோப்பாவுக்கு வந்தனர். தெற்கே போன பிள்ளை திரும்பி வருமா என்று தொடருந்து நிலையத்தில் காத்திருந்த அனுபவம், பேரப்பிள்ளையிடம் காலநிலைக் கேள்வியாக வெளிப்படுகின்றது.

டென்மார்க் வந்த பின்னரும் பிரிவு விடவில்லை. 1980களின் நடுப்பகுதியில் இங்கு தஞ்சம் அடைந்த தமிழர்களின் மனைவியர், பிள்ளைகள் இலங்கையில் காத்திருந்தபோது, 1987–88 காலப்பகுதியில் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்திற்கு மாறாக நிறுத்தி வைத்தார். நீதிபதி ஒருவர் தலைமையில் நடைபெற்ற விசாரணையின் அறிக்கை 1993 சனவரியில் வெளிவந்ததும் பிரதமர் போல் சுலூட்டர் பதவி விலகினார். 1995இல் உயர் அரசியற் குற்றங்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. டேனியர் இதனைத் "தமிழ் வழக்கு" என்றே அழைக்கின்றனர். அவர்களின் பாடநூல்களில் தமிழர் என்ற சொல் இடம்பெற்றது இதனால்தான். அரசு கோப்பை மேசையில் வைத்துப் பூட்டியதால் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த குடும்பங்கள், பிள்ளை தானே விரும்பிப் பிரிந்து போக நினைப்பதை எளிதில் விளங்கிக்கொள்ள இயலாது. அது இயல்பே.

ஆனால் பிள்ளை அந்த வரலாற்றுக்குள் பிறக்கவில்லை. அதற்குத் தெற்கு என்பது கோப்பி ஒன்று குடித்து, ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் போய்ச் சேரும் இடம். தொடருந்து பிரெடரிசியாவைக் கடந்து சிறிய பெல்ற் பாலத்தின் மேல் ஏறினால் பியூன் தீவு வந்துவிடும். பிரண்டையில் உள்ள அபிராமி அம்மன் ஆலயத்திற்கு ஓல்போர்க்கிலிருந்து போவதை விட ஓடென்சவிலிருந்து போவதே கிட்டம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

இனி அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி. ஓடென்சவில் 1966இல் கற்பித்தல் தொடங்கியது. 1998இல் தென் பகுதியின் வணிக, பொறியியற் கல்லூரிகளையும் யூலாந்தின் தென்புறப் பல்கலைக்கழக மையத்தையும் இணைத்து இன்றைய பெயர் சூட்டப்பட்டது. கோல்டிங், எஸ்பியர், சொண்டபோர்க் ஆகிய இடங்களிலும் வளாகங்கள் உண்டு. ஓடென்ச வளாகம் கொங்கிறீற்றாலும் துருப்பிடிக்க விடப்பட்ட உருக்குத் தகட்டாலும் ஆனது, முதன்முதலாகப் பார்க்கும் தந்தை "இதென்ன, வண்ணம் பூசக் காசில்லையோ?" என்று கேட்கக்கூடும். மாணவர்கள் அதனைத் துருக்கோட்டை என்ற பொருள்படக் கேலியாக அழைப்பதுண்டு. ஆனால் காலநிலை பற்றிக் கேட்போர் ஒன்றை அறிய வேண்டும்: அங்கு துறைகள் நீண்ட உள்நடைவழிகளால் இணைக்கப்பட்டுள்ளன. நவம்பர் மழையில் நனையாமல் விரிவுரைக்கும், நூலகத்துக்கும், உணவகத்துக்கும் நடக்கலாம். 2022இலிருந்து நகரின் மின்னிழுவை வண்டி வளாகத்திற்கே வருகின்றது.

கட்டடத்தை விடப் பாடம் முக்கியமானது. பிள்ளை எந்தப் பாடத்தைப் படிக்க விரும்புகின்றது என்பதே முதலில் மேசைக்கு வர வேண்டியது. நடைமுறையில் அது கடைசியாகத்தான் வருகின்றது. மருத்துவம் என்றால் 2010இலிருந்து ஓல்போர்க் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். பொறியியலுக்கும் கணினிக்கும் ஓல்போர்க் ஐரோப்பாவில் நற்பெயர் பெற்ற இடம். அவற்றுக்காக ஊரை விட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்தாளர் கல்வி என்றால் நிலைமை வேறு: அதற்கு ஓடென்சவுக்கோ கொப்பன்ஹேகனுக்கோ போக வேண்டும். முதுகு, மூட்டு நோய்களைக் கைவைத்தியத்தால் குணப்படுத்தும் கிளினிக்கல் பயோமெக்கானிக்ஸ் பட்டப்படிப்பு நாடு முழுவதிலும் ஓடென்சவில் மட்டுமே உண்டு.

ரோபோத் தொழில்நுட்பமும் குறிப்பிடத் தக்கது. ஓடென்சவுக்கு அருகில் இருந்த லின்டோ கப்பற்கட்டும் தளத்தில் உருக்குத் தகடுகளை ஒட்ட இயந்திரக் கைகள் தேவைப்பட்டன. கப்பல் நிறுவனத்தின் நன்கொடையுடன் 1990களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிறுவகம் ஒன்று எழுந்தது. அங்கு ஆய்வு செய்த மூவர் 2005இல் யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 2015இல் அமெரிக்க நிறுவனமான ரெறாடைன் அதனை வாங்கியது. கப்பல் தளம் 2012 அளவில் மூடப்பட்டுவிட்டது. அதன் தேவையிலிருந்து பிறந்த தொழில் நகரில் வேரூன்றிவிட்டது.

இப்போது ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகள் மருந்தாளர் ஆக விரும்புகின்றாள். பெற்றோர், "ஓல்போர்க்கில் மருத்துவ வேதியியலோ வேறெதுவோ பார், வீட்டிலிருந்தே போய் வரலாம்" என்கின்றனர். மகள் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டாம் பருவத்தில் அவள் விரிவுரைக்குப் போவதை நிறுத்துகின்றாள். பெற்றோருக்கு அது தெரிய வரும்போது ஓராண்டு கடந்துவிடுகின்றது. இவ்வாறான கதைகள் தமிழ் வீடுகளில் வெளியே சொல்லப்படுவதில்லை. அதே வீட்டில் மகன் கொப்பன்ஹேகன் போக விரும்பியிருந்தால் காலநிலை பற்றிய கேள்வி இவ்வளவு நீண்டிருக்குமா என்பதையும் பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் தெற்கு குளிர்வதில்லை.

கம்பஸ் வாழ்க்கை என்றதும் மூத்தோர் நினைவில் எழுவது பகிடிவதை. அதற்கும் காரணம் உண்டு. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இல் இலங்கை நாடாளுமன்றம் பகிடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. டென்மார்க்கில் புதிய மாணவரை வரவேற்கும் முதல் வார நிகழ்வுகளும் அறிமுகச் சுற்றுலாவும் வேறு வகையானவை. மூத்த மாணவர்கள் வழிகாட்டிகளாக இருப்பர். விளையாட்டு, பாட்டு, கோமாளி வேடம் எல்லாம் இருக்கும். மதுவும் இருக்கும். அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் துறைகளே நடத்தும் மதுச்சாலைகள் பல்கலைக்கழக வாழ்வின் பகுதி. மது அருந்தாத பிள்ளை அங்கே கோலாவுடன் நிற்கலாம். நிற்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். போகாமலே அறையில் இருந்துவிடும் பிள்ளைக்குத்தான் அடுத்த வாரம் குழு அமைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்காது. ஓடென்சவின் குடிப்பழக்கம் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் யொம்புறு ஆன வீதி இருக்கும் நகரிலேயே இத்தனை காலமும் பிள்ளை வளர்த்தனர் என்பதையும், ஒவ்வொரு மே மாதமும் இங்கு நடக்கும் கார்னிவலையும் மறந்துவிடுகின்றனர்.

குழு என்ற சொல்லைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓல்போர்க் பல்கலைக்கழகம் 1974 செப்ரெம்பரில் தொடங்கியது. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாண வளாகமும் தொடங்கியது. முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. ஓல்போர்க் தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கலை எடுத்து, குழுவாக ஆராய்ந்து தீர்க்கும் முறையைக் கைக்கொண்டது. ஒவ்வொரு பருவத்திலும் பாதியளவு உழைப்பு குழுத் திட்டத்துக்கே போகின்றது. 2006இல் அன்றைய அரசு குழுத் தேர்வுகளைத் தடை செய்ய முடிவெடுத்தபோது பல்கலைக்கழகம் கடுமையாக எதிர்த்தது. 2012இல் அத்தடை நீங்கியது. தனித்திருந்து மனனம் செய்து முதலிடம் பெறுவதே கல்வி என்று வளர்ந்த பெற்றோருக்கு இது விளங்குவது கடினம். "மற்றவர்களின் வேலையை நீ ஏன் செய்கின்றாய்?" என்று கேட்பர். பிள்ளை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து உணவருந்த வேண்டும் என்பர். ஒப்படைப்பு நெருங்கும் வாரங்களில் குழு இரவு பத்து மணிவரை இருந்து எழுதும். வீட்டுக்கு ஓடிவரும் உறுப்பினரை அடுத்த பருவத்தில் எந்தக் குழுவும் அழைக்காது. ஆகவே, பிள்ளை ஓல்போர்க்கில் தங்கினாலும் வீட்டின் நேர ஒழுங்கு மாறித்தான் ஆக வேண்டும். தங்குவதற்கும் ஒரு விலை உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை, டென்மார்க் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. எஸ்யூ எனப்படும் மாணவர் உதவித்தொகை, வெளியே வாழும் மாணவருக்கு வரிக்கு முன் மாதம் ஏழாயிரம் குரோனர் அளவு. பெற்றோருடன் வாழ்பவருக்கு அது மிகவும் குறைவு. பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து இன்னும் குறையும். இந்தத் தொகை பிள்ளையின் கணக்குக்கே போகின்றது. முன்னர் 70 மாதங்கள்வரை பெற முடிந்தது. 2025 யூலையிலிருந்து உயர்கல்வியைத் தொடங்குவோருக்கு அது 58 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. விருப்பமில்லாத பாடத்தில் ஓராண்டை இழப்பதற்கு முன்பை விட இன்று இடம் குறைவு. வீடு வாங்கிப் பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுக்கும் வழக்கமும் டேனியப் பெற்றோரிடம் உண்டு. தமிழ்ப் பெற்றோர் சிலருக்கு அது உடனே பிடித்துவிடுகின்றது. ஆயினும் முதல் ஆண்டில் பொதுச் சமையலறை உள்ள மாணவர் குடியிருப்பே சிறந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் முறை வைத்துச் சமைக்கும் அந்த மேசையில்தான் நட்பு உருவாகின்றது. சோறும் பருப்பும் ஒரு கோழிக்கறியும் சமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே தனி மதிப்பு. ஆகத்து மாதத்துக்கு முன் ஆறு வாரங்கள் இருக்கின்றன, ஆண்பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம்.

வாரந்தோறும் வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்துவது பற்றியும் ஒரு சொல். முதல் மூன்று மாதங்கள் பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் தொடருந்தில் ஏறினால், ஓடென்சவில் அதற்கு ஊர் அமையாது. மாதம் ஒரு முறை வரட்டும். நவம்பரில் பெற்றோர் போகட்டும். அந்த மாதம்தான் இருட்டு முதலில் உறைக்கும். தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு, "உன் குழுவில் யார் யார் இருக்கின்றனர்?" என்றும் கேட்டால், பிள்ளை தனித்துப் போயிருந்தால் அந்த விடையில் தெரிந்துவிடும்.

விண்ணப்ப நடைமுறை தெரியாத வீடுகள் இன்னும் உள்ளதால், நாள்களைச் சொல்லி முடிக்கலாம். சராசரிப் புள்ளியைத் தவிர வேறு தகுதிகளையும் பார்க்கும் இரண்டாம் ஒதுக்கீட்டுக்கு மார்ச் 15 நண்பகல் கடைசி. புள்ளியை மட்டும் பார்க்கும் முதலாம் ஒதுக்கீட்டுக்கு யூலை 5 நண்பகல். இங்கே இனத்துக்கொரு வெட்டுப்புள்ளி இல்லை. இடங்களும் விண்ணப்பதாரரும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஒருவர் எட்டுப் படிப்புகள்வரை விருப்ப வரிசையில் இடலாம். தகுதி பெறும் மேலுள்ள ஓர் இடம் மட்டுமே கிடைக்கும் என்பதால், எது முதலாவது என்பது பெரிய செய்தி. விண்ணப்பத்தில் ஒப்பமிடுவது பிள்ளையின் இலக்கமுறை அடையாளம். யூலை இறுதியில் விடை போவதும் பிள்ளைக்கே. பதினெட்டு வயதானவரின் அந்தப் பட்டியலைப் பெற்றோர் கேட்டால்தான் காண முடியும்.

வரிசையை யூலை 5 நண்பகல்வரை மாற்றலாம். வீட்டின் அமைதிக்காக ஓல்போர்க்கை முதலாவதாகவும் ஓடென்சவை நான்காவதாகவும் இட்ட பிள்ளைகள் இந்த நகரில் இருக்கின்றனர். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லி, பிள்ளையின் அருகில் அமருங்கள். குளிரைப் பற்றிக் கேட்பதற்கு முன், முதலாவதாக இட விரும்பியது எது என்று கேளுங்கள்.